அப்பாவின் நினைவு மலர்: பாளையங்கோட்டை அச்சகம் ஒன்றின் தொகுப்புப் பணி

எங்கள் தந்தையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவுற்றதை ஒட்டி, மெஞ்ஞானபுரத்தில் நடந்த ஸ்தோத்திர ஆராதனையில் வழங்குவதற்காக 48 பக்கங்களில் நினைவு மலர் ஒன்றை வெளியிட்டோம். அதைத் தொகுத்து, வடிவமைத்து, அச்சிட்டுத் தந்தது பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சிறிய அச்சகம். திருமண அழைப்பிதழ், சபை ஆண்டறிக்கை, பள்ளி ஆண்டு மலர் ஆகிய வழக்கமான வேலைகளோடு, மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து எழுதித் தரும் பணியையும் இவர்கள் செய்கிறார்கள். எழுத்துப் பணியில் எனக்கு முழு நிறைவு கிடைத்தது. அச்சு வேலையில் வருத்தம் தந்த குறைகள் சில இருந்தன. இதே நோக்கத்தோடு அச்சகம் தேடும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நினைவு மலர் புதிதன்று. முகப்பில் மாலையில்லாத ஒரு படம், அதன் இருபுறமும் ‘மண்ணில்’, ‘விண்ணில்’ என்று இரண்டு தேதிகள், கீழே ஒரு வசனம், உள்ளே குருவானவரின் ஆறுதல் செய்தி, வாழ்க்கைக் குறிப்பு, உறவினர்களின் இரங்கல், பாமாலை என்னும் ஆராதனைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிடித்த பாட்டு, கடைசிப் பக்கத்தில் பேரப்பிள்ளைகளோடு எடுத்த குடும்பப் படம் என்று அதன் அமைப்பு ஏறக்குறைய நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் உறவினர்களும் சபையாரும் தந்த மலர்கள் நிறைய இருக்கின்றன. எங்களுடையதைத் திட்டமிடும் முன் அவற்றையெல்லாம் எடுத்து வாசித்தபோது மனம் கனத்தது. அவர்களில் பலரை நான் நன்றாக அறிவேன். ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமான மனிதர்கள். ஆனால் மலரில் எல்லோரும் ‘தேவபக்தி மிக்கவர், அன்பான கணவர், பாசமுள்ள தந்தை, ஏழைகளுக்கு இரங்கியவர்’ என்ற ஒரே வரிசையில் அடங்கியிருந்தார்கள். பெயரையும் தேதிகளையும் மாற்றினால் ஒருவரின் மலர் மற்றொருவருக்கும் பொருந்திவிடும். அப்பாவுக்கு அப்படி நேர்ந்துவிடக் கூடாது என்ற ஒரே கவலையோடுதான் நானும் தம்பியும் இந்த அச்சகத்தின் படியேறினோம்.

அங்கே முதலில் இரண்டு வழிகளை விளக்கினார்கள். அவசரமாகத் தேவைப்படுவோருக்கென ஆயத்தமான வாழ்க்கைக் குறிப்பு ஒன்று கணினியில் இருக்கிறது. பெயர், பிறந்த ஊர், வேலை, திருமணத் தேதி, பிள்ளைகளின் விவரம் ஆகியவற்றைக் கொடுத்தால் சிறிது நேரத்தில் நிரப்பித் தருவார்கள். மற்றொன்று தொகுப்புப் பணி. அதைக் கவனிப்பவர் உரிமையாளரின் உறவினரான, பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை. அவர் வீட்டுக்கு வந்து குடும்பத்தாரோடு அமர்ந்து பேசி, குறிப்பெடுத்து, பழைய பதிவுகளைப் பார்த்து எழுதுகிறார். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். நீங்களும் அதையே தேர்ந்தெடுங்கள் என்பதே இந்த மதிப்புரை வழியாக நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

டீச்சர் வந்த அன்று, அப்பாவைப் பற்றிச் சொல்லும்படி பொதுவாகக் கேட்டிருந்தால் அம்மாவும் அந்த வழக்கமான நான்கு சொற்களைத்தான் சொல்லியிருப்பார். டீச்சர் அப்படிக் கேட்கவில்லை. “அக்கா, சார் காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்ன செய்வாங்க?” என்று கேட்டார். அம்மா சற்று யோசித்துவிட்டு, “மொதல்ல அடுப்பப் பத்தவச்சு வெந்நி போடுவாங்க. நான் நைட் டியூட்டி முடிஞ்சு வருவேம்லா” என்றார். அதன் பிறகு கேள்விக்கே தேவையிருக்கவில்லை. செவிலியராகப் பணிபுரிந்த அம்மா இரவுப் பணி முடித்து வரும் முதல் பேருந்துக்காக அப்பா சைக்கிளோடு நிறுத்தத்தில் காத்திருந்ததும், வீடு வந்ததும் வெந்நீர் ஆயத்தமாக இருந்ததும், அம்மா உறங்கும் நேரத்தில் நாங்கள் சத்தம் போடக் கூடாதென்று அப்பா எங்களைப் புறவாசலுக்கு அழைத்துச் சென்று பாடம் சொல்லிக்கொடுத்ததும் ஒவ்வொன்றாக வந்தன. அவர் திருநெல்வேலி அத்தியட்சாதீனத்தின் (திருமண்டலத்தின்) அறக்கட்டளையான டி.டி.டி.ஏ. நடத்திய தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்திலும் எனக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டி விடுவார். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கத் தம் கைக்குட்டையை என் காதிலிருந்து காதுக்குப் பிடித்து அளப்பார். ஊரில் அந்நாட்களில் ஆண்கள் செய்யாத வேலை அது. அவர் அதைப் பெருமையாகவும் நினைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. கணவன் என்பவன் மனைவியை நேசிக்க வேண்டும் என்று திருமண ஆராதனையில் வாசிக்கப்படும் பகுதியை அவர் வீட்டில் ஒருபோதும் எடுத்துப் பேசியதாக எங்களுக்கு நினைவில்லை. ஆனால் அதன்படி வாழ்ந்ததை நாங்கள் தினமும் பார்த்தோம். டீச்சர் இதை மலரின் மூன்றாம் பக்கத்திலேயே வைத்தார். பட்டங்களும் பொறுப்புகளும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. சேகரக் கமிட்டியில், அதாவது பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் நிர்வாகக் குழுவில், அப்பா வகித்த பொறுப்புகளை முதலில் போட வேண்டும் என்று பெரியப்பா வற்புறுத்தியபோது, பொறுமையாக அவரிடம் பேசி அவரையும் இசையச் செய்தது டீச்சர்தான்.

அடுத்து அவர் கேட்டது அப்பாவின் வேதாகமத்தை. அது தோல் அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டப்பட்ட ஒரு பழைய பிரதி. சங்கீதப் பகுதியின் ஓரங்களில் பென்சிலால் சிறு சிறு குறிப்புகள் இருக்கின்றன. ஒரு சங்கீதத்தின் அருகே ஒரு தேதியும் ‘பாப்பாவுக்குக் காய்ச்சல்’ என்ற சொற்களும் இருக்கும். சில வரிகள் தள்ளி மற்றொரு தேதியும் ‘ஸ்தோத்திரம்’ என்பதும் இருக்கும். மாற்றல் உத்தரவு வந்த நாள், கிணறு வற்றிய கோடை, தம்பிக்கு வேலை கிடைத்தது, தாத்தாவின் அடக்கம் என்று ஒரு குடும்பத்தின் அரை நூற்றாண்டு அந்த ஓரங்களில் எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். மலரில் அச்சிட வேண்டிய பொருளாக நினைத்ததில்லை. டீச்சர் இரண்டு முழுப் பக்கங்களைப் படமெடுக்கச் செய்து, எழுத்துகள் தெளிவாகத் தெரியும் அளவில், நடுப்பக்கத்தில் எதிரெதிரே அச்சிட வைத்தார். அந்தப் பக்கங்களுக்கு எந்த விளக்கமும் சேர்க்க அவர் ஒப்பவில்லை. அப்பாவின் பக்தியைப் பற்றி நாங்கள் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கக் கட்டுரையை அதன் பிறகு நானே நீக்கிவிட்டேன். படிப்பவர்களுக்கு அந்தப் பென்சில் குறிப்புகளே போதுமானவையாக இருந்தன.

கடினமான ஒரு கட்டமும் வந்தது. என் தம்பி சில ஆண்டுகள் ஆலயத்துக்கு வராமலிருந்தவன். அதனால் அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சு குறைந்திருந்தது. அப்பா ஓய்வுநாள் ஒழுங்கில் கண்டிப்பானவர். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி போட அனுமதிக்கமாட்டார், கடைக்கு அனுப்பமாட்டார். அந்தக் கண்டிப்பு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாரமாக இருந்ததை மறைப்பதில் பொருளில்லை. உறவினர்கள் பலரும் இதைத் தொட வேண்டாம் என்றார்கள். டீச்சர் எதையும் தாமாக முடிவு செய்யாமல், தம்பி எழுத விரும்பினால் அவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதாகவும், அதில் ஒரு சொல்லையும் தாம் மாற்றப் போவதில்லை என்றும் கூறினார். அவன் எழுதினான். விலகியிருந்த ஆண்டுகளிலும் இரவுக் குடும்ப ஜெபத்தில் அப்பா தன் பெயரை மட்டும் தவறாமல் கடைசியாகச் சொல்வார் என்பதையும், அதற்காக அந்நாட்களில் தனக்குக் கோபம் வந்ததையும், பின்னர் தன் மகன் சபையின் முழு அங்கத்தினனாகும் திடப்படுத்தல் ஆராதனைக்கு அப்பாவைத் தானே கைபிடித்து அழைத்துச் சென்றதையும் அவன் எழுதிய அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் ஆராதனைக்கு வந்தவர்கள் பலரும் எங்களிடம் பேசினார்கள். புகழ்ந்து மட்டும் எழுதியிருந்தால் எங்கள் தந்தையை அறிந்தவர்கள் அவரை அந்த மலரில் அடையாளம் கண்டிருக்கமாட்டார்கள்.

தகவல்களைச் சரிபார்ப்பதிலும் டீச்சரின் கவனம் பாராட்டத்தக்கது. அப்பா பிறந்தது 1944இல். ஞானஸ்நானம் பெற்றது அதே ஆண்டில், மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய, 192 அடி உயரக் கோபுரம் கொண்ட மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுலின் ஆலயத்தில். ‘சி.எஸ்.ஐ. திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார்’ என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27 அன்றுதான் என்பதையும், அதற்கு முன் திருநெல்வேலி அத்தியட்சாதீனம் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபையைச் சேர்ந்திருந்தது என்பதையும் சுட்டிக்காட்டி அவர் அந்த வரியைத் திருத்தினார். அதேபோல, 2003இல் தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலம் தனியே பிரிந்ததால், அப்பாவின் பணிக்காலம் முழுவதும் திருநெல்வேலியைச் சேர்ந்ததாகவும், ஓய்வுக்குப் பின் அவர் சபையில் செய்த ஊழியத்தின் பெரும்பகுதி புதிய திருமண்டலத்தைச் சேர்ந்ததாகவும் பிரித்து எழுதினார். இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் எடுத்துப் பார்க்கப்போகும் ஒரே எழுத்துப் பதிவு இதுவாகவே இருக்கும் என்ற பொறுப்புணர்வு அதில் தெரிகிறது.

தாள், எழுத்து ஆகியவை பற்றி அச்சகத்தார் தந்த ஆலோசனையும் நன்று. எல்லாப் பக்கங்களையும் பளபளப்பான ஆர்ட் தாளில் அச்சிட வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். வயதானவர்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் வாசிக்கும்போது அந்தத் தாள் கண்ணைக் கூசச் செய்யும் என்று சொல்லி, எழுத்துப் பக்கங்களுக்கு மேப்லித்தோ தாளையும், நடுவில் வரும் படப் பக்கங்களுக்கு மட்டும் ஆர்ட் தாளையும் பரிந்துரைத்தார்கள். செலவும் அதனால் குறைந்தது. எழுத்தின் அளவை 13 புள்ளியாக வைத்தார்கள். அப்பாவின் பாடகர் குழுத் தோழர்கள், எண்பதை நெருங்கியவர்கள், கண்ணாடியைத் தேடாமல் வாசித்தார்கள். பின் அடித்துத் தைக்கும் மலரில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் அமைய முடியும் என்பதால், பேரப்பிள்ளைகளின் கடிதங்களைச் சேர்க்க நேர்ந்தபோது எழுத்தைச் சுருக்கி நெருக்காமல் நான்கு பக்கங்களைக் கூட்டிக்கொள்ளும்படி நேர்மையாகச் சொன்னார்கள்.

1972இல் எடுத்த திருமணப் படம் ஒன்று சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. அதைப் பிரிக்க முயன்றால் படத்தின் மேற்பரப்பே உரிந்துவிடும் என்று கூறி, கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுத்தார்கள். அம்மாவின் கையில் இருந்த பூச்செண்டின் இதழ்கள் கூடத் தெரியும்படி அது அமைந்திருக்கிறது. ஆனால் முதல் மாதிரிப் படிவில், கணினியில் திருத்தியவர் அப்பாவின் நிறத்தை வெளுப்பாக்கி, நெற்றிச் சுருக்கங்களை அழித்து, மூக்கில் கண்ணாடி பதிந்த தடத்தையும் நீக்கியிருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, இது யாரென்று கேட்டார். நாங்கள் சொன்னதும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், குடும்பத்தாரிடம் கேட்காமல் ஒருவரின் முகத்தை மாற்றும் பழக்கத்தை இந்த அச்சகம் முதலிலேயே கைவிட வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணலிலும் வெயிலிலும் நடந்து பள்ளிக்குப் போன மனிதரின் கறுப்பு நிறம் அழிக்கப்பட வேண்டிய குறையல்ல.

என்னை அதிகம் வருத்தியது மெய்ப்புத் திருத்தும் பணி. டீச்சர் கையால் எழுதித் தருகிறார். அதை வேறொருவர் தட்டச்சு செய்கிறார். அந்த இடத்தில் கவனம் போதவில்லை. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் யூனிகோட் எழுத்தில் அனுப்பிய இரங்கல் செய்தி, அவர்களின் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள் சென்றதும் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய மறுபடியும் தட்டச்சு செய்தபோது ரகர றகரப் பிழைகளும் லகர ளகரப் பிழைகளும் புதிதாகப் புகுந்தன. அதைவிடப் பெரிய தவறு வசனங்களில் நேர்ந்தது. முகப்பில் ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்’ என்ற 2 தீமோத்தேயு 4:7 சரியாக இருந்தது. உள்ளே வந்த சில வசனங்களையோ இணையத்தில் கிடைத்த வேறொரு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். அப்பா வாழ்நாள் முழுவதும் வாசித்தது மிஷனரி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த, பழைய திருப்புதல் எனப்படும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை. அதன் நடையிலேயே அவர் ஜெபித்தார், அதன் சொற்களிலேயே எங்களைக் கண்டித்தார், ஆறுதலும் சொன்னார். புதிய மொழிபெயர்ப்புகள் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அவருடைய மலரில் அவர் அறியாத சொற்களில் வேதம் வந்திருந்தது அம்மாவுக்கு மிகுந்த வேதனை தந்தது. எல்லா வசனங்களையும் அப்பாவின் வேதாகமத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டுத் திருத்தினோம். நினைவு மலர் தயாரிக்கும் அச்சகம், குடும்பத்தார் எந்த வேதாகமத்தை வாசிப்பவர்கள் என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும், சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் என எல்லோரும் வரும் இடத்தில் இது இன்னும் அவசியம்.

கட்டும் பணி வெளியே கொடுக்கப்பட்டதால் மலர்கள் ஆராதனைக்கு முந்தைய மாலையில்தான் கைக்கு வந்தன. சில பிரதிகளில் ஒரு தாள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. இரவில் அமர்ந்து அவற்றைப் பிரித்தெடுத்து ஒதுக்கினோம். பின்னர் அவற்றுக்குப் பதிலாகப் புதிய பிரதிகளைக் கட்டணமின்றித் தந்தார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். என்றாலும் துக்கத்திலிருக்கும் வீட்டுக்கு அந்தப் பதற்றத்தைத் தராமலிருந்திருக்கலாம்.

விலையைப் பொறுத்தவரை, 300 பிரதிகளுக்கு, தொகுப்புக் கட்டணம் நீங்கலாக, பிரதி ஒன்றுக்கு நூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. ஆயத்தமான வாழ்க்கைக் குறிப்போடு எல்லாப் பக்கங்களும் பளபளக்கும் மலரை இதைவிடக் குறைவாகவே வேறு இடங்களில் பெறலாம். பணநெருக்கடி உள்ள குடும்பங்கள் பக்கங்களைப் பாதியாக்கி, வண்ணத்தை முகப்போடு நிறுத்தி, தொகுப்புப் பணியை மட்டும் விடாமல் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. 24 பக்கங்களில் கறுப்பு வெள்ளையில் வந்தாலும், டீச்சர் கேட்டு எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இருக்குமானால் அந்த மலர் அந்த மனிதருடையதாகவே இருக்கும்.

இவர்களிடம் செல்வோர் ஆராதனைத் தேதிக்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. ஆண்டு இறுதியில் நாட்காட்டி வேலைகளும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளும், மே மாதத்தில் திருமண அழைப்பிதழ்களும் குவிவதால் அப்போது தாமதமாகும். செல்லும்போது ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணப் பதிவு, பணிப் பதிவேட்டின் நகல், அவர் கைப்பட எழுதிய ஏதேனும் ஒரு கடிதம் அல்லது கணக்கு நோட்டு, அவர் வாசித்த வேதாகமம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். படங்களைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பாமல் மூலப் படங்களையே கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வாங்கியதற்குப் பட்டியல் எழுதி ஒப்பமிட்டுத் தருகிறார்கள், எதையும் தொலைக்கவில்லை. இறுதிப் படிவை அச்சுக்கு அனுப்புமுன் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரைக் காகிதத்தில் வாசிக்கச் செய்து ஒப்புதல் பெறுங்கள். தொகுப்புப் பணிக்கு டீச்சர் ஒருவரே இருப்பதால், அவர் உங்கள் ஊருக்கு வரக்கூடிய நாளை முதலில் உறுதி செய்துகொண்டு அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள்.